இரண்டு கக்கூசு வீட்டுப் பொங்கல்

குலசேகரத்தாரின் மானத்தின் விலை இரண்டு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம். பேசித் தீர்த்த விலைதான். முதலில் கேட்டது நான்கு பெட்டி.

பிரெஞ்சுத் தலைநகரின் ரூ காய் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவர், போன கோடையில் போவே பட்டணத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் தோட்டத்தோடு வீடு வாங்கினார். விற்ற பிரெஞ்சுக் கிழவிக்குக் கதவுப்பிடியின் கீறல் வரை காட்டி விலையைக் குறைத்தவர், அந்த மும்முரத்தில், கக்கூசுக் கிடங்கு எங்கே புதைந்திருக்கிறது என்று கேட்க மறந்துபோனார். அந்த ஊருக்குச் சாக்கடைக் குழாய் கிடையாது. வீட்டில் கழிகிறதெல்லாம் தோட்டத்து மண்ணுக்குள் இருக்கும் கிடங்குக்குத்தான் போகவேண்டும்.

ஸ்தேனில் இருந்த பழைய வீட்டில் கக்கூசு ஒன்று. புது வீட்டில் இரண்டு. வெங்காயம் வாங்க வந்தவர்களும் இதைக் கேட்டு முடித்த பிறகுதான் மிச்சக் காசைக் கண்டார்கள். எதிர்ப்பக்கத்துச் சேலைக்கடை அருட்பிரகாசத்துக்கு இது நேரே போய்க் குத்தியது. எபினேயில் அவர் வீட்டில் ஆறு பேருக்கு ஒன்று. அவர் காலையில் கடை திறக்கப் பிந்தினால், "பாவம், வரிசையிலை நிண்டிருப்பார்" என்று குலசேகரத்தார் தெருவுக்கே கேட்கச் சொல்வார்.

தைப்பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அருட்பிரகாசத்தைக் குடும்பத்தோடு அழைத்து, இரண்டையும் நேரில் காட்டிவிடுவது என்பது குலசேகரத்தாரின் திட்டம்.

முதல்நாள் தோட்டம் முழுவதும் அரிசிமா கொட்டியதுபோல் உறைபனி. நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் மட்டும் பனி பிடிக்காமல், புல் பச்சைப்பசேலென்று நின்றது. அவர் மனைவி கோசலை அதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். லட்சுமி வந்து நின்ற இடம்; அடுப்பு அங்கேதான் என்றார். குலசேகரத்தார் அதைப் படமெடுத்து ரூ காய் வியாபாரிகளின் கைபேசிக் குழுவுக்கு அனுப்பினார்.

ஞாயிறு விடிய, வீட்டின் இரண்டு கக்கூசும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தன. தண்ணீர் ஊற்றினால் கீழே போகவில்லை, மேலே வந்தது. கிடங்கு நிரம்பிவிட்டது. விருந்தாளிகளின் வான் ஏற்கெனவே புறப்பட்டாயிற்று.

கழிவு உறிஞ்சும் பவுசர் லொறி ஓட்டும் மன்னார் கிரிகோரியைத் தேடிப் பிடித்தார்கள். முந்நூறு யூரோ என்றான். ஞாயிறு என்பதால் ஐம்பது கூட. தேவாலயத்துப் பூசையைத் தவறவிடுவதற்கு இன்னுமொரு இருபது. ஆண்டவரிடம் தானே நேரில் பேசித் தீர்த்துக்கொள்வதாகக் குலசேகரத்தார் சொல்லியும் அந்த இருபது இறங்கவில்லை.

பவுசரும் வானும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. வானிலிருந்து அருட்பிரகாசமும், மனைவி தயாளினியும், அவளுடைய சகோதரிகளும் அவர்களின் கணவன்மாரும் இறங்கினார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். வழி நெடுக பிளாஸ்க்கில் தேநீர். இறங்கியவுடன் அருட்பிரகாசம் கேட்ட முதல் கேள்வி, அந்த இரண்டில் கிட்ட இருப்பது எது என்பதுதான்.

முதலில் பொங்கலைப் பார்க்கவேண்டும் என்று குலசேகரத்தார் அவரைக் கையில் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துப்போனார்.

கிரிகோரி இரும்புக் கம்பியால் நிலத்தைக் குத்திக்கொண்டு போனான். உறைந்த மண் கிணுங்கென்றது, கம்பிதான் வளைந்தது. இப்படித் தேடினால் பங்குனியாகும், மண் தோண்டும் மெசினுக்குச் சொல்லவேண்டும், அது தனிக் காசு என்றான். குலசேகரத்தார் மெசினின் விலையைக் குறைக்கத் தொடங்கும்போது, கிரிகோரியின் கண் அந்தப் பச்சை இடத்தில் அடுப்பேறியிருந்த பொங்கல் பானைக்குப் போனது.

"அண்ணை, அந்த இடத்திலை மட்டும் ஏன் பனி இல்லை?"

"அது லட்சுமி கடாட்சம், தம்பி."

"எனக்குச் சம்பளம் தாறதும் அந்த லட்சுமிதான். கீழை கிடங்கு சூடாய்க் கிடக்குது. பானையை இறக்குங்கோ."

பொங்கி வழியாத பானையை இறக்கினால் வருஷம் முழுக்கக் கடை படுத்துவிடும் என்று கோசலை அகப்பையோடு குறுக்கே நின்றார். ஈர விறகு, பாலோ குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வந்தது. பானைக்குள் ஒரு குமிழிகூட இல்லை. கிரிகோரி, காத்திருக்க முப்பது என்று சொல்லிவிட்டு, ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு பவுசரில் சாய்ந்தான்.

பானை பொங்கினால்தான் கக்கூசு என்ற விஷயம் விளங்கியதும் அருட்பிரகாசம்தான் முதலில் குனிந்தார். பட்டு வேட்டியோடு முழங்காலில் நின்று அடுப்பை ஊதினார். சகலன்மார் இருவரும் வேலியோரத்துச் சுள்ளியை முறித்துவந்தார்கள். தயாளினி வானுக்குள் கிடந்த சேலைக்கடைக் காலண்டரின் போன வருஷத்தைக் கிழித்துப் போட்டாள். சூரியனுக்காக இத்தனை பக்தியோடு யாரும் பொங்கியிருக்க மாட்டார்கள். ஒருவரும் நேராக நிற்கவில்லை. எல்லோரும் கால்களைப் பின்னிக்கொண்டு பானையையே பார்த்தார்கள்.

கடைசியில் அது பொங்கியது. எந்தத் திசையில் வழிந்தது என்று பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. பானையைத் தூக்கி, கல்லை உருட்டி, தணலை அள்ளினார்கள். அடுப்புச் சூட்டில் மண் அல்வாப் பதத்தில் இளகிக் கிடந்தது. மண்வெட்டி நாலு தரம் விழ, சிமெந்து மூடி தெரிந்தது. கிரிகோரி அதைத் திறந்துவிட்டு, வாயு கசிந்திருந்தால் பானையை ஆகாயத்திலைதான் தேடியிருக்கவேணும் என்று சிலுவை போட்டுக்கொண்டான்.

குழாய் உறிஞ்சத் தொடங்கியது. சற்று நேரத்தில் வீட்டின் இரண்டு கதவுகளுக்கும் முன்னால் வரிசை நின்றது.

அதன்பின் கோசலை பொங்கலைப் பரிமாறினார். தயாளினிக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது. அவள் சகோதரிகளுக்கும் அப்படியே. அவர்களின் கணவன்மாருக்கு அது அந்த நிமிடத்தில்தான் வந்தது. கிரிகோரி மட்டும் கையைக் கழுவிவிட்டு மூன்று கோப்பை சாப்பிட்டான்.

அருட்பிரகாசம் குலசேகரத்தாரை வேலிப் பக்கம் கூட்டிப்போனார். "நாளைக்குப் பொங்கல் எப்பிடி எண்டு கேப்பினம். என்ன சொல்ல?"

"நல்லாய்ப் பொங்கினது எண்டு சொல்லும்."

"எது எண்டு கேட்டால்?"

வான் நிறைய வந்த வாய்கள் அத்தனையையும் மூட நான்கு பெட்டி மாம்பழம் என்றார் அருட்பிரகாசம். அரைப் பெட்டி என்றார் குலசேகரத்தார். அருட்பிரகாசம் கைபேசியை எடுத்து, லட்சுமி நின்ற இடத்தின் படத்தைத் திறந்து, அதே குழுவுக்கு ஏதோ எழுதத் தொடங்கினார். இரண்டில் முடிந்தது. அதற்கென்று கிரிகோரிக்கு ஒன்றும் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. தன் தொழிலில் வாய் திறக்கிற பழக்கமில்லை என்றான்.

ஆனால் தையில் மாம்பழம் ஏது? ஊரில், கொடியடித் தோப்புகளில் காய்க்கும்வரை பொறுக்கவேண்டும். அதுவரை அருட்பிரகாசம் தினமும் கடை வாசலில் வந்து நின்று, வெறும் மாம்பழத் தட்டைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி தொண்டையைச் செருமுகிறார். குலசேகரத்தார் உடனே பால் விடாத பிளேன்ரீ வரவழைக்கிறார்.

கணக்கு இப்படி நிற்கிறது. கிடங்கு இறைத்தது முந்நூறு, ஞாயிறு ஐம்பது, பூசை இருபது, காத்திருப்பு முப்பது; ஆக நானூறு. மண்ணை இளக்கியது தன் விறகுதான் என்று வாதாடிக் கழித்தது நாற்பது. கிரிகோரிக்குக் கொடுத்தது முந்நூற்றறுபது, நேர். அருட்பிரகாசத்துக்கு மாம்பழம் இரண்டு பெட்டி, நிலுவை. பிளேன்ரீ வட்டியில் போகிறது, அசலில் கழியாது.