கொஞ்சம் இறுக்குது

1

என் மனைவியின் பத்துக் கால்விரல்களுக்கும் சேர்த்து நான் சொன்ன முதல் விலை, கடைக்காரர் கேட்டதில் சரிபாதி.

இப்படித் தொடங்கினால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று கணக்குப் போட்டேன். உட்கார்ந்துவிட்டீர்கள் என்றால் உண்மையைச் சொல்லிவிடலாம். இது கதையாகப் பிறந்ததில்லை. காலணி விற்பவர்கள் சங்கம் தங்கள் மாத இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டது: நல்ல கம்பளி சாக்ஸையும் தோல் பூட்ஸையும் பார்த்து வாங்குவது எப்படி, வாங்கியதைப் பேணுவது எப்படி. அவர்கள் ஒரு தொகை சொன்னார்கள், நான் கூடக் கேட்டேன், அவர்கள் பக்கத்தைக் குறைத்தார்கள், படிந்தது. பாதி எழுதியபோது கட்டுரைக்குள் என் மனைவி பூட்ஸோடு நடந்து வந்தாள். கட்டுரை போயிற்று.

அப்புறம் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

குளிர் முதலில் காலில்தான் — [வேண்டாம். குளிரை எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள்.]

அவள் கிளம்பும் நாள் காலையில் — [அதற்குள்ளா? நல்ல சரக்கை முதலிலேயே விரித்துக் காட்டுகிறவன் வியாபாரியா?]

ஆகவே கால்விரல்.

2

எங்கள் வீட்டில் துணிக்கடை. நான் எழுத்தாளன் என்பதெல்லாம் கடை சாத்தியபிறகுதான். பகலில் சித்தப்பாவோடு கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடுவே நிற்கிறவன். நடக்கப் பழகும் முன்பே எங்களுக்குச் சொல்லித்தரப்படுவது: பிடித்த சரக்கைக் கையில் எடுத்ததும் முகத்தைச் சுளி. விலை படியவில்லையா, வாசல் வரை நட, கூப்பிடுவார்கள். கேட்காமலே கொசுறு கொடுத்தால் சரக்கில் ஓட்டை இருக்கிறது.*

* இதெல்லாம் கடையோடு நின்றிருந்தால் தொந்தரவில்லை. அப்பா சாப்பிடும்போது "இதுல என்னமோ கொறையுதே" என்பார். அம்மா முகம் மலர்ந்து இன்னொரு கரண்டி போடுவாள். காதல் என்றால் இதுதான் போல என்று நினைத்து வளர்ந்தேன்.

மனைவி வேறு ரகம். அவள் அப்பா அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். அந்த வீட்டில் அட்டையில் எழுதியிருப்பதுதான் விலை, வாயால் சொன்னதுதான் சொல். அவளுக்குப் பனி அளக்கும் வேலை. மலைமேல் குறித்துவைத்த இடங்களுக்கு நடந்துபோய், நீளக் குழாயைப் பனிக்குள் இறக்கி, உள்ளே ஏறியதை எடைபோட்டு, கோடையில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அளந்து பிழைக்கிற குடும்பம்தான் நாங்களும். ஆனால் அவள், அளவு கூடத் தெரியவேண்டும் என்று எங்களைப்போலத் துணியை இழுத்துப் பிடிப்பதில்லை.

[இவளை ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ? குறட்டை விடுவாள். போதும், நம்பகத்தன்மை வந்துவிட்டது.]

ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் சொன்னாள்:

"மலை ஸ்டேஷனுக்குப் போறியான்னு கேக்கறாங்க. பனி உருகற வரைக்கும். ரெண்டு பேர் தங்கற மாதிரி வீடும் உண்டாம். என்ன சொல்றீங்க?"

ரெண்டு பேர். கேட்காமலே வந்த கொசுறு. உடனே உஷாரானேன்.

"போறதுன்னா போ. எனக்கென்ன?"

முதல் விலை என்பது விலையே இல்லை. பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவள் கொஞ்சம் இறங்குவாள், நான் கொஞ்சம் ஏறுவேன், கடைசியில் "சரி, உனக்காக நானும் வர்றேன்" என்று பெரிய மனசோடு முடிக்கலாம் என்றிருந்தேன்.

"சரி" என்றாள். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

3

பூட்ஸ் வாங்கச் சாயங்காலம் போகவேண்டும். நாள் முழுக்க நின்ற கால் லேசாக வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குத்தான் அளவு. (சங்கத்துக்காரர்கள் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள், இது எங்காவது வரத்தான் வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.) முதலில் சாக்ஸ். உள்பக்கத்தைத் திருப்பி, விரல்நுனியில் ஓடும் தையலைத் தடவுங்கள்; தடித்திருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள், அது நாளைய கொப்புளம். கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி, ஈரத்தோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். அந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டே பூட்ஸைப் போடவேண்டும். நுனியைத் தரையில் தட்டினால் விரல் முட்டக்கூடாது, நடந்தால் குதிகால் எழும்பக்கூடாது. தடித்த சாக்ஸைத் திணித்து இறுக்கினால் கதகதப்பு என்று நினைப்பது தவறு. ரத்தம் ஓடாத கால்தான் முதலில் விறைக்கும்.

பேர பலத்துக்குச் சித்தப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவள் மூன்றாவதாகப் போட்டுப் பார்த்த ஜோடி, அடிப்பாகம் பசையில் ஒட்டாமல் நூலில் தைத்தது, தோல் வளைந்த இடத்தில் சுருங்கி, நிமிர்ந்ததும் பழையபடி ஆனது. பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆகவே முகத்தைச் சுளித்தேன்.

"இது தோலா, அட்டையா?" என்றார் சித்தப்பா, காது கேட்காதவர்போல உரக்க.

கடைக்காரர் அசரவில்லை. எங்கள் இனம். "அட்டைன்னா தண்ணில முக்கிக் காட்டட்டுமாய்யா?"

"பாதி விலைக்குக் குடுத்தா நாங்களே முக்கிக்கறோம்" என்றேன்.

"பாதி விலைக்குன்னா ஒத்தக் காலுக்குத்தான் வரும்."

"அப்ப வர்றோம்" என்று சித்தப்பா என் தோளைத் தட்டினார். இருவரும் திரும்பி வாசலை நோக்கி நடந்தோம். அவசரமில்லாத, முதுகில் காது வைத்த நடை. கடைக்காரர்கள் எப்போதும் வாசல்படிக்கு முன்னால் கூப்பிடுவார்கள். படி வந்தது. தெருவும் வந்தது.

"என்னடா, கூப்பிடவே இல்ல?"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் பூட்ஸைக் கழற்றாமலே கல்லா முன்னால் நின்று, கேட்ட விலையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உன் பொண்டாட்டி வியாபாரத்தையே கெடுத்துட்டாடா" என்றார் சித்தப்பா.

அவள் வெளியே வந்தபோது கையிலிருந்த பை ஒரு ஜோடிக்குத் தேவையானதைவிடப் பெரிதாக இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

4

பேணுதல். புது பூட்ஸை மலையில் பழக்கக்கூடாது, வீட்டில் பழக்கவேண்டும். அவள் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் பூட்ஸோடு நடந்தாள். ஒவ்வொரு தடவை அந்தச் சத்தம் கேட்கும்போதும் அவள் கிளம்பிக்கொண்டே இருந்தாள். நான் தேன்மெழுகு தேய்த்தேன். தையலில் விரலால், மற்ற இடத்தில் துணியால், குறைவாக, திரும்பத் திரும்ப. நனைந்தால் பூட்ஸின் நாக்கை வெளியே இழுத்து, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே அடைத்து, காற்றில் காயவிடவேண்டும். சூட்டுக்குக் காட்டினால் தோல் வெடிக்கும். சாக்ஸை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கையாகக் காயப்போடவேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுபோகும்.

[இங்கே ஒரு சதி வைத்திருந்தேன். கதாநாயகன், அதாவது என்னைவிடத் துணிச்சலான நான், அவள் ஆபீஸ் போன நேரம் பூட்ஸை நனைத்து ஹீட்டர் பக்கத்தில் வைக்கிறான். தோல் வெடித்தால் பயணம் தள்ளிப்போகும். தோலிலிருந்து வாசனை எழும்பி —]

இந்த இடத்தில்தான், மேசைமேல் கிடந்த காகிதங்களை அவள் படித்துவிட்டாள்.

"ஈர பூட்ஸ ஹீட்டர்கிட்ட வச்சீங்களா?"

"கதையிலதான்."

"கதையிலயும் வைக்காதீங்க. படிக்கறவங்க வச்சுடுவாங்க." பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். பிறகு தாள்களை முன்னும் பின்னும் புரட்டினாள். "முதலாளி, இன்னொரு ஜோடி எங்க? கதையில காணோமே?"

என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுவாள், கோபத்திலும் குஷியிலும். அது எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

5

ஒரு சரக்கை உள்ளே மறைத்து வைத்திருந்தேன். பிடிபட்டுவிட்டேன். விரிக்கிறேன்.

கடைக்குப் போன அன்றே அவள் அந்தப் பெரிய பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஆண்கள் பூட்ஸ், மேலே இரண்டு ஜோடிக் கம்பளி சாக்ஸ்.

"போட்டுப் பாருங்க."

போட்டேன். என் காலை மனதில் வைத்தே ஒரு மாடு வளர்ந்ததுபோல இருந்தது. விரல் முட்டவில்லை, குதிகால் எழும்பவில்லை. இரண்டு பேர் தங்கும் வீட்டின் வாசலில் இந்த ஜோடியும் அந்த ஜோடியும் பக்கத்தில் பக்கத்தில் காய்வது தெரிந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம், வளர்த்த வளர்ப்பு மாறாமல், சுளித்தது.

"கொஞ்சம் இறுக்குது" என்றேன். "நிறமும் ஒரு மாதிரி."

எங்கள் அம்மாவாக இருந்தால் இன்னொரு கரண்டி போட்டிருப்பாள்.

இவள் குனிந்து லேஸை அவிழ்த்து, பூட்ஸைத் துடைத்து, காகிதம் சுற்றி, சாக்ஸோடு பெட்டிக்குள் வைத்தாள். மறுநாள் ஆசையாக இன்னொருமுறை போட்டுப்பார்க்கத் தேடினேன், பெட்டி இல்லை.

"திருப்பிக் குடுத்துட்டேன். இறுக்குதுன்னீங்கல்ல?"

ஒரு மனிதன் தன் வாழ்க்கையைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடிய நொடி அது. நான் கேட்டேன்: "முழுப் பணத்தையும் குடுத்தானா?"

இதைத்தான் கதையிலிருந்து விட்டிருந்தேன். இப்போது பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவள் சொன்னாள்:

"ரெண்டு பேர் தங்கலாம்னேன். எனக்கென்னன்னீங்க. பூட்ஸ் வாங்கிட்டு வந்தேன். இறுக்குதுன்னீங்க. இன்னும் எத்தன தடவ நான் கேக்கறது? எனக்கும் வாய் வலிக்காதா?"

"அது சும்மா, பேச்சுக்கு —"

"எது பேச்சுக்கு, எது நெஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? எனக்குப் பனியத்தான் எடைபோடத் தெரியும்."

இன்று காலை கிளம்பிவிட்டாள். சித்தப்பா கடை வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். நான் கடையைத் திறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா வண்டியைக் கிளப்பும் முன் கண்ணாடியை இறக்கி, "டேய், உன் சித்திகிட்ட இதே மாதிரி ஒரு தடவ வாசல் வரைக்கும் நடந்தேன். கதவச் சாத்திக்கிட்டா. தட்டித் தட்டிக் கையி வீங்கிருச்சு" என்றார்.

6

துணிக்கடை திறக்கவில்லை. பூட்ஸ் கடைக்கு ஓடினேன். அந்த ஜோடி கண்ணாடிக்குள் திரும்பவும் உட்கார்ந்திருந்தது.

"அந்த பூட்ஸ் நல்லா இருக்கு" என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த வாக்கியம் ஒரு கடைக்குள் என் வாயிலிருந்து வந்தது. "எனக்கு அது வேணும். சாக்ஸும்."

கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். விலை சொன்னார். நான் பணத்தை எடுத்தேன்.

"என்ன சார், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க? சரி, கொஞ்சம் கொறச்சுக்கறேன்."

"வேணாம்."

"இன்னும் கொறைக்கணுமா?"

"கொறைக்கவே வேணாம். கேட்டத வாங்கிக்குங்க."

நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க சார். தண்ணி குடிக்கறீங்களா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?"

7

அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், அவருடைய பில் தாள்களின் பின்பக்கத்தில். சாக்ஸ் போட்டாயிற்று. பூட்ஸின் லேஸ் கட்டியாயிற்று. பஸ் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். முடிவுகளை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

(அ) பழக்காத பூட்ஸோடு நொண்டிக்கொண்டே பஸ் நிலையத்துக்குப் போகிறேன். அவள் ஜன்னலோரம். என் காலைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். [சிரிப்பாளா? இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் மூக்குடைபட்டவள். இந்த முடிவில் நான் துணியை இழுத்துப் பிடித்து அளக்கிறேன்.]

(ஆ) பஸ் போய்விட்டது. சித்தப்பா மட்டும் வெறும் வண்டியோடு நிற்கிறார். [அடுத்த பஸ் உண்டு. எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது.]

(இ) பஸ் நிற்கிறது, அவள் என்னிடம் "கால் எப்படி இருக்கு?" என்கிறாள். நான் —

"சார்," என்கிறார் கடைக்காரர், "எழுதறத வீட்ல போய் எழுதக்கூடாதா? ரெண்டு வாடிக்கைக்காரங்க நிக்கறாங்க."

அவர் சொல்வதும் சரிதான். இந்தப் பக்கங்கள் எல்லாமே என் வாசல் நடையாகத்தான் தெரிகின்றன: மெதுவாக, முதுகில் காது வைத்து, யாராவது கூப்பிடமாட்டார்களா என்று. இனி யாரும் கூப்பிடப்போவதில்லை. முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன், எனக்கு நேரமில்லை. கணக்கை மட்டும் ஒப்படைக்கிறேன்.

வரவு: பூட்ஸ் ஒரு ஜோடி. சாக்ஸ் இரண்டு ஜோடி. இடது குதிகாலில் ஒரு கொப்புளம், வழியில் சேரும்.

செலவு: கேட்ட விலை முழுதும். சங்கத்தின் கட்டுரை. கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த பெயர்.

தள்ளுபடி: இல்லை.

பாக்கி: அவள் இரண்டு தடவை கேட்டாள். நான் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை.