ஐம்பத்தாறு வயதில் ரிவர்ஸ்

இரட்டைப் பேருந்தைப் பின்னால் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இரண்டு பேருந்துகளை நடுவில் ரப்பர் மடிப்பு வைத்து ஒட்டிவிட்டு, இனி உன் பாடு என்று ஓட்டுநர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் வால் மறுபக்கம் போகும். டிப்போவுக்கு அப்படி ஒரு வண்டி வந்து இறங்கியது. ஓட்ட ஒரே ஓர் ஆள்தான் வேண்டும். பன்னிரண்டு பேர் மனுப் போட்டார்கள். அதில் பதினொருவர் நாற்பதைத் தாண்டாதவர்கள். மிச்சம் ஒருத்தி, எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் ஐம்பத்தாறு வயதுக்காரி.

இருபத்தெட்டு வருடம் சின்ன வண்டியையே ஓட்டிச் சலித்தவளுக்கு அந்த நீள வண்டிமேல் ஒரு கண். வீட்டில்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

தேர்வு இதுதான்: வரிசையாக வைத்த பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே, ஒன்றையும் தட்டாமல், வண்டியைப் பின்னால் கொண்டுபோய்க் கோட்டில் நிறுத்த வேண்டும். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. பத்துப் பேர் மண்ணைக் கவ்வினார்கள். அடுத்து ஏறியவன் நெட்டையன்; ஆறடிக்கு மேல் வளர்ந்ததற்கு டிப்போ கொடுத்த பட்டம் அது. இரண்டு தடவையும் மூன்றாவது கூம்பைச் சாய்த்துவிட்டு இறங்கினான்.

கடைசியாகப் பெரியக்கா. ஏறிய வேகத்தில் உட்கார்ந்தாள், உட்கார்ந்த வேகத்தில் வண்டியை எடுத்தாள். அதே மூன்றாவது கூம்பு தொப்பென்று விழுந்தது.

"வயசாச்சு சார். என் பேரை அடிச்சுடுங்க," என்றாள் தேர்வு அதிகாரியிடம்.

இன்னொரு வாய்ப்பு இருக்கிறதே என்றார் அவர், ஒப்புக்கு. வேண்டாம் என்று தலையாட்டினாள். அவரும் பேனா மூடியைக் கழற்றினார்.

ஆறுதல் சொல்ல நெட்டையன் வந்தான். நல்ல மனசுக்காரன்தான், வாய்தான் கொஞ்சம் முந்தும்.

"விடுங்கக்கா. அந்தக் கூம்பைத் தப்பா வெச்சிருக்காங்க, அதான் நான் இடிச்சேன். உங்களுக்கு வயசு, என்ன பண்றது."

சுருக்கென்றது. ஒரே கூம்பு. அவன் தட்டினால் குற்றம் கூம்பின் மேல், இவள் தட்டினால் வயதின் மேல். திட்ட வாயெடுத்தாள். ஆனால் வயதை முதலில் இழுத்தது யார்? எட்டு வருடம் முன்பு ஒரு மூத்த ஓட்டுநர் புது வண்டி கேட்டபோது, இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த ஆசை என்று கேன்டீனையே சிரிக்க வைத்தவளும் இவள்தான். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து. நினைத்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வயதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு யோசித்தாள். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் நெட்டையன் உயரத்துக்கு இருந்தன. அவள் அவற்றைத் தொடவே இல்லை. திருப்பிக்கொண்டிருந்தால் கிழவி தடுமாறுகிறாள் என்பார்களோ என்ற பயம். இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாள்கூடச் செய்யாத தப்பு. வயதை மறைக்கப் போய்த்தான் கூம்பை இடித்திருக்கிறாள்.

"சார், அடிக்காதீங்க. இன்னொரு தடவை எடுக்கறேன்."

இந்த முறை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். இடக் கண்ணாடியைத் திருப்பினாள், வலக் கண்ணாடியைத் திருப்பினாள், மறுபடி இடதுக்கு வந்தாள். யாரோ வேண்டுமென்றே சத்தமாகக் கொட்டாவி விட்டார்கள். விடட்டும்.

ரிவர்ஸ் போட்டாள். இரண்டு கூம்புகளைத் தாண்டியாயிற்று. மூன்றாவதில் வால் ஒரு முழம் விலகப் பார்த்தது. எதிர்ப்பக்கம் ஒடித்தாள், சொன்ன பேச்சுக் கேட்டு நேரானது. நெட்டையன் குனிந்து பார்த்தான். நாலு விரல் இடைவெளி. வண்டி கோட்டில் நின்றதும் முதலில் கைதட்டியவன் அவன்தான். சந்தோஷம் தாங்காமல் பெரியக்கா ஹாரனை அடித்தாள், தேவையே இல்லாமல், மூன்று தடவை.

அதிகாரி ஜன்னலருகே வந்தார். "என்னமா ஓட்டறீங்க மேடம், இந்த வயசுலயும்."

"வயசு ஓட்டல சார், நான்தான் ஓட்டினேன். நாளைக்கு முதல் டிரிப் எத்தனை மணிக்கு?"