சொல்லாத ஏழெழுத்து

கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கீத் தரையில் மண்டியிட்டு, தொலைக்காட்சிப் பெட்டியின் நான்காவது பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். திரையில் எறும்பு மொய்த்த மாதிரி புள்ளிகள். நடுவே ஒரு கணம் யாரோ சிரிக்கும் முகம் தெரிந்து, வளைந்து, மறைந்தது.

"இப்பதான் அவள அனுப்பிட்டு வந்திருக்கோம். அதுக்குள்ள டிவி கேக்குதா உனக்கு?" என்றாள் எனிட். கீத்தின் அப்பா நார்மனின் தங்கை. தகன மண்டபத்திலிருந்து திரும்பியதும் தொப்பியோடு சமையலறைக்குள் புகுந்தவள், ஹாம் இறைச்சி வைத்த ரொட்டித் தட்டோடு இப்போதுதான் வெளியே வந்திருந்தாள்.

"அம்மாவுக்காகத்தான் அத்த."

"அம்மாவுக்காகவா? நல்லா இருக்கு கத. அக்கம்பக்கம் என்ன நெனைக்கும்?"

"அக்கம்பக்கமும் இதுக்காகத்தான் இன்னும் போகாம உக்காந்திருக்கு," என்றார் பக்கத்து வீட்டு ஹெரால்ட், தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே.

எனிட் அண்ணனைப் பார்த்தாள். நார்மன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கையில் அவள் கொடுத்த தட்டு அப்படியே இருந்தது.

"போடட்டும்," என்றார்.

போன புதன்கிழமை உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது நார்மனின் மனைவி தெல்மா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "தல என்னவோ மாதிரி இருக்கு நார்மன்," என்றாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பேச்சு போய்விட்டது. மறுநாள் விடிவதற்குள் அவளும் போய்விட்டாள். அறுபத்தொன்றுதான் வயது. அவள் நாள் குறித்து வைத்துக் காத்திருந்தது இந்தச் செவ்வாய்க்கிழமைக்காக. புதுச் சேனல் இன்றுதான் தொடங்குகிறது. அதில் அந்த எழுத்து விளையாட்டும் வரப்போகிறது.

வசந்தத்தில் அது யார்க்‌ஷயர்க்காரர்களுக்கு மட்டும் வந்தது. மாலை உள்ளூர்ச் செய்தியை ஒட்டி, கொஞ்ச வாரம். லீட்ஸிலேயே, ஆர்ம்லியில் அவர்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய கர்க்ஸ்டால் ரோட்டு ஸ்டுடியோவில்தான் எடுத்தார்கள். பலகையில் ஒன்பது ஆங்கில எழுத்துகளை வைப்பார்கள். பெரிய கடிகாரம் அரை நிமிடம் ஓடும். அதற்குள் அந்த எழுத்துகளைக் கொண்டு யார் நீளமான சொல்லைக் கட்டுகிறார்களோ அவர்களுக்கு எழுத்துக்கு ஒரு புள்ளி, நீளம் சமமானால் இருவருக்கும். நடுநடுவே கணக்கும் உண்டு. தையல் தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பார்த்த தெல்மாவுக்குக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. சொல்தான் கொஞ்சம் உதைக்கும் என்று பயந்தாள். யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்துவிட்டு, கூப்பிட்ட பிறகுதான் நார்மனிடம் சொன்னாள். நான்கே புள்ளியில் தோற்று வந்தாள். அடுத்த ஆறு மாதம் கடைக்குப் போனாலும் மீன் வாங்கப் போனாலும், "உன்ன டிவில பாத்தோமே தெல்மா," என்று யாராவது சொல்வார்கள். இன்னொரு முறை கேட்கட்டும் என்பதற்காகவே காதில் விழாத மாதிரி நிற்பாள்.

பார்க்காதவன் கீத் ஒருவன்தான். டோவரில் கப்பல் வேலை. இந்தப் பக்கத்துக்கு மட்டும் காட்டுகிற படம் அங்கே தெரியாது. ஒளிபரப்பாகும் அன்றைக்கு ஊருக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். மாற்று ஆள் கிடைக்கவில்லை. தெல்மா போனிலேயே முழுவதையும் நடித்துக் காட்டினாள். கடிகாரம் ஓடும்போது வருகிற இசையைக்கூட வாயால் வாசித்தாள். "நாட்டுக்கே காட்டப் போறாங்களாம்டா. நான் வரமாட்டேன், வேற யாரோதான் வருவாங்க. ஆனா அந்த நாற்காலியப் பாத்துக்க. அதுலதான் உங்கம்மா உக்காந்திருந்தா."

படம் தெளிந்தது. கீத் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

அப்போதுதான் வாசல் கதவு தட்டப்பட்டது. எனிட் போய்த் திறந்தாள். ஒல்லியாக, உயரமாக, மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்ட ஒருவர் நின்றிருந்தார்.

"தப்பான நேரத்துல வந்துட்டேனோ? பேப்பர்ல பாத்தேன். ஹாலிஃபாக்ஸ்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரேன். மண்டபத்துக்கு வந்துரலாம்னு பாத்தேன், முடியல. என் பேர் சக்டன்."

நார்மன் தலையைத் தூக்கினார். "என் பொண்டாட்டியத் தோக்கடிச்ச சக்டனா?"

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வந்தவர் தொப்பியைக் கையில் எடுத்தார். "ஆமாங்க. அதே ஆளுதான்."

"உள்ள வாங்க. ஆரம்பிக்கப் போகுது. எனிட், அவருக்கு ஒரு டீ குடு."

சக்டன் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். சோபாவின் ஓரத்தில், இடம் அடைக்கக் கூடாது என்பது போல உட்கார்ந்தார்.

நிகழ்ச்சி தொடங்கியது. மேடை கொஞ்சம் மினுமினுப்பாகியிருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், பேசுவது இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லை.

"எது அம்மா நாற்காலி?" என்றான் கீத்.

"வலப்பக்கம்," என்றார் நார்மன்.

"எடப்பக்கங்க," என்றார் சக்டன் தயங்கி. "ஸ்டுடியோல நீங்க எதிர்ல உக்காந்து பாத்தப்பவும் எடதுதான். டிவிலயும் எடதுதான், எனக்கு நல்லா தெரியும். வலது என்னோடது."

நார்மன் இடப்பக்க நாற்காலியையே பார்த்தார். ஒரு இளைஞன் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தெல்மா சாயவே இல்லை. பஸ் பிடிக்கக் காத்திருப்பவள் போல நுனியில் உட்கார்ந்திருந்தாள். புது நீல ஜாக்கெட். அதன் காலரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி.

கடிகாரம் ஓட ஆரம்பித்தது. துக்க வீடு முழுக்க அமைதி. ஹெரால்ட் விரலால் முழங்காலில் எழுதிப் பார்த்தார். சாண்ட்விச் தட்டை ஏந்தியபடி கதவருகே நின்ற எனிட்டின் உதடுகள்கூட அசைந்தன. இசை நின்றதும், "ஆறு எழுத்து," என்றாள் தன்னையறியாமல். பிறகு முகம் சிவந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

கீத் மட்டும் சொல் தேடவில்லை. "இப்படித்தான் இருந்தாளாப்பா? பயந்தாளா?"

"பயப்படல," என்றார் நார்மன். "ஒரே ஒரு தடவ, கடிகாரம் ஓடிட்டிருக்கும்போது, நான் உக்காந்திருந்த பக்கமா நிமிந்து பாத்தா. திக்குன்னு ஒரு பார்வ. சொல்லு வரல போலன்னு நான் கட்டவிரலக் காட்டினேன், தைரியமா இருன்னு. உடனே குனிஞ்சுட்டா."

சக்டன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சக்டனுக்கு நகரத்துக்குப் போகும் பஸ்ஸைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று நார்மன் கோட்டை மாட்டினார். நான் போறேம்ப்பா என்று கீத் சொன்னதற்கு, "முப்பது வருஷம் கண்டக்டர் வேல பாத்தவன்டா. எனக்குப் பஸ் ஸ்டாப் தெரியாதா?" என்றார்.

சரிவில் இருவரும் மெதுவாக இறங்கினார்கள். ஈர இலைகள் காலடியில் வழுக்கின. பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"அந்தப் பார்வையப் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்றார் சக்டன். "சொல்லலாமா கூடாதான்னு ரெண்டு பஸ்ஸுலயும் யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

நார்மன் அவர் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சுத்துல எனக்கு ஏழு எழுத்து. அவங்க கார்டன்னு சொன்னாங்க, ஆறு. அதோட ஆட்டம் என் பக்கம் திரும்பிருச்சு. முடிஞ்சப்புறம் கேன்டீன்ல டீ குடுத்தாங்க. நீங்க அவங்க கோட்ட எடுக்கப் போயிருந்தீங்க. அப்ப சொன்னாங்க. 'எனக்கும் ஏழு எழுத்து இருந்துச்சு மிஸ்டர் சக்டன், சொல்லல.' என்ன சொல்லுன்னு கேட்டேன். டார்லிங்னாங்க."

ஒரு கார் விளக்கு அவர்கள் மேல் ஏறி இறங்கிப் போனது.

"அதையே சொல்லியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்களேம்மான்னேன். சிரிச்சாங்க. 'எப்படிச் சொல்றது? மூணாவது வரிசைல அவர் உக்காந்திருக்காரு. எங்க வீட்டுல அந்த மாதிரி வார்த்தையெல்லாம் பொழங்கினதே இல்ல. மொத மொதல்ல அவர் காதுல விழறது, இத்தன லைட்டப் போட்டு, யார்க்‌ஷயர் முழுக்கக் கேக்கும்போதா விழணும்?' அப்படின்னாங்க. அப்பறம், 'வீட்டுக்குப் போயிச் சொல்லிக்கிறேன்'ன்னாங்க. நீங்க கோட்டோட வந்துட்டீங்க."

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது.

"சொன்னாங்களா?" என்று கேட்டார் சக்டன். கேட்ட உடனே கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியவர் போலத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நார்மன் பஸ் வரும் திசையைப் பார்த்தபடி, "அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் வறுத்த மீனு சாப்பிட்டோம்," என்றார். பிறகு, "கார்டன்னு ஏன் சொன்னன்னு அவளக் கேட்டேன். தோட்டத்துல பீன்ஸ் போடற நேரம் வந்துருச்சு, அதுதான் ஞாபகத்துல இருந்துச்சுன்னா. மறுநாள் நான் போயிப் போட்டேன்."

பஸ் நின்றது. சக்டன் கை நீட்டினார். நார்மன் பற்றிக்கொண்ட கையை விட நேரமாயிற்று. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. சக்டன் ஏறி, கண்ணாடிக்குப் பின்னால் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். பஸ் திருப்பத்தில் மறைந்தது.

நார்மன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. உதடுகளை ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டார். அந்த ஏழெழுத்தைச் சொல்லிப் பார்க்க வாய் திறந்தது. மூச்சுதான் வெள்ளையாக வந்தது.

சரிவிலிருந்து ஒரு பெண், பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"போயிருச்சா?"

"இப்பதான் போச்சு கண்ணு," என்றார். டிக்கெட் கிழித்த காலத்துப் பழக்கம். ஏறுகிறவர், இறங்குகிறவர், சில்லறை இல்லாதவர் எல்லாருக்கும் அந்தக் 'கண்ணு' அவர் வாயில் தயாராகவே இருந்தது, தெல்மாவுக்கு மட்டும் வந்ததில்லை. சொன்னபின் அவர் முகம் மாறியதை அந்தப் பெண் இருட்டில் பார்க்கவில்லை.

"நீங்களும் அடுத்ததுக்குத்தான் நிக்கறீங்களா?"

"இல்ல," என்றார் நார்மன்.

அவள் கொஞ்சம் நகர்ந்து கூரைக்கு அடியில் இடம் விட்டாள். அவர் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.