யாரோவுக்குத் தண்ணீர்

“சித்தப்பா, போதும். குழாயக் கீழ வைங்க.”

அண்ணன் மகள் சொல்லியும் அவர் வைக்கவில்லை. முன்னறையில் அவளுடைய அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி பதினோரு மணிக்கு வரும். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போக, செத்தவரின் ஒரே தம்பி விடிந்ததிலிருந்து வீட்டுக்குப் பின்னால் நின்று செடிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். தீயணைப்புத் துறையில் முப்பது வருஷம் இருந்தவர். காலை அகட்டி, குழாயை இடுப்போடு அணைத்து, எரிகிற கட்டடத்தைப் பார்ப்பதுபோல் பாத்தியைப் பார்த்தார்.

செடியின் பெயர் யாரோ. எங்கிருந்தோ வந்த ஆங்கிலப் பெயர். நம் வாயில் விழுந்ததும் இப்படி ஆகிவிட்டது. ‘தோட்டத்துல யாரோ இருக்கு’ என்று அப்பா சொல்லப்போய், பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை தடியோடு ஓடி வந்திருக்கிறார். சீப்புப் பல்லாக நறுக்கிய இலை, தட்டில் பரப்பியதுபோல் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. காய்ந்த மண்ணில் கண்டுகொள்ளாமல் விட்டால் வருஷா வருஷம் பூக்கும். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தே ஓய்வுபெற்ற அப்பா, இதைப்போல ஒரு பிள்ளை தனக்கு வாய்க்கவில்லை என்று மகளிடமே சொல்லியிருக்கிறார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா ஒரு வாரம் வெளியூர் போனபோது, தம்பி பாவப்பட்டு இதற்குத் தினமும் தண்ணீர் விட்டார். அப்பா திரும்பி வந்து பார்த்தால் வேரெல்லாம் அழுகல். அதோடு பேச்சு நின்றது. அப்பா மறுபடி ஒரே ஒரு கொத்து வாங்கி வந்து நட்டு, வேரைப் பிரித்துப் பிரித்து வைத்துப் பாத்தியை நிரப்பினார். தம்பியை மட்டும் கூப்பிடவில்லை.

நேற்று மதியம் மகள்தான் போன் போட்டு வரவழைத்தாள். சித்தப்பா கட்டிலருகே வந்து நின்றதும் அப்பா கண்ணைத் திறந்தார்.

“யாரோ... தண்ணி...”

அவ்வளவுதான் மற்றவர்களுக்குக் கேட்டது. வாசலில் யாரோ தண்ணீர் கேட்கிறார்கள் என்று அத்தை தம்ளரோடு ஓடினாள். சித்தப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அப்பாவின் வாயருகே காதை வைத்திருந்த மகளுக்கு மட்டும் மிச்சமும் கேட்டது.

“...ஊத்திடப் போறான். பாத்துக்கோ.”

இப்போது பூத்தண்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சொல்லிவிடுவது என்று கிட்டே போனாள்.

“அப்பா நேத்து சொன்னது...”

“நானும்தான் கேட்டேனேம்மா.” அவர் திரும்பவில்லை. “பதினோரு வருஷம் மூஞ்சி குடுக்கல. கடைசியில இதுங்கள எங்கிட்டதான் ஒப்படைச்சிட்டுப் போயிருக்காரு.”

அவள் வாய்வரை வந்ததை விழுங்கினாள். போய்ச் சுவரிலிருந்த குழாயைத் திருகி மூடினாள்.

“ஒப்படைச்சாருதான். ஆனா அளவும் சொன்னாரு. நீங்க வெளிய போனப்புறம்.”

“எவ்வளவு?”

“மாசத்துக்கு ஒரு சொம்பு.”

“ஒரு செடிக்கா?”

“மொத்தத்துக்கும்.”

எரிகிற பஞ்சாலையையே அணைத்த மனிதர் கையில் சொட்டுகிற குழாயைப் பார்த்தார்.

“சரியான கஞ்சன்,” என்றார். “இது அண்ணன் சொன்னதேதான்.”

அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டி வந்து ஹாரன் அடித்ததும் அவள்தான் கைகொடுத்துத் தூக்கி, பேன்ட்டைத் தட்டிவிட்டு, முன்பக்கம் கூட்டிப் போனாள்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி, காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. அவள் சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்தாள். தேய்த்த சட்டை போட்டு வந்திருந்த சித்தப்பா, சொம்பைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, பிழைத்து நின்ற செடிகளுக்கு மேல் குடையை விரித்துப் பிடித்தபடி குந்தியிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. குடைக்குள் அடங்காத ஒரு கொத்தை இன்னொரு கையால் மெதுவாக உள்ளே சேர்த்துக்கொண்டார்.