படகில் போன விடுமுறை நாள்

பஸ் டிரைவருக்கு அன்று விடுமுறை. இருந்தாலும் நகரத்துக்குப் பஸ்ஸிலேயே போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தார். மனைவி விடவில்லை. அவள் வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். வலது கண்ணில் புரை எடுத்து, போன வாரம்தான் கட்டைப் பிரித்திருந்தார்கள். இன்று டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருந்தார்.

"படகுல போலாங்க. புதுக் கண்ண வச்சுக்கிட்டு முன்சீட்டுக்காரர் பிடரியப் பாத்துக்கிட்டே போகணுமா?"

"அது ஆடி அசைஞ்சு போகும். டாக்டர் நமக்காகக் காத்திருப்பாரா?"

"பாலத்துல நீங்க மட்டும் பறந்தா போறீங்க?"

பாலத்து நெரிசலில் தினமும் மாட்டிக்கொண்டு முழிப்பவர் படகுத்துறைப் பக்கம் நடையைக் கட்டினார்.

மேல்தளத்தில் ஓரமாக இடம் கிடைத்தது. நடு ஆற்றில் மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று குறுக்கே வர, இவர்கள் படகு வேகத்தைக் குறைத்தது. டிரைவரின் வலது கால் தன்னையறியாமல் தரைப்பலகையை அழுத்தியது.

"பிரேக் இங்க இல்லீங்க" என்றாள் அவள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனசுக்குள் வேறொரு கவலை. பல மாதங்களாக, டூட்டிக்குக் கிளம்புமுன் அவளுடைய ஊசிகளில் நூல் கோத்து வைப்பது அவர் வேலையாகியிருந்தது. டாக்டர் இன்று என்ன சொல்வாரோ?

அவளோ கரையிலிருந்த பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தாள். திடீரென்று அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்கற?"

"தாடைக்குக் கீழ ஒரு கொத்து முடி அப்படியே நிக்குது. தினமும் ஷேவ் பண்றதாப் பேரு."

"இத்தனை நாளா சொல்லவே இல்லையே."

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு."

டிரைவர் தாடையைத் தடவிப் பார்த்தார். டிப்போவில் ஒருத்தன்கூட வாயைத் திறக்கவில்லையே என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

படகு பாலத்துக்கு அடியில் நுழைந்தது. தூண்களின் இடுக்கெல்லாம் பறவைக் கூடுகள். தலைக்கு மேலே ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. இத்தனை வருஷம் இதற்கு மேலேதான் வண்டி ஓட்டியிருக்கிறோம் என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கடிகாரத்தை மறந்தே போனார்.

ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசி ஆளாக உட்காரவைத்தாள். டாக்டர் விளக்கை அடித்து நிதானமாகப் பார்த்தார். "நல்லா ஆறியிருக்கும்மா. இனிமே தாராளமா தைக்கலாம்" என்றார். டிரைவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வெளியே வந்ததும் அவர் இடதுபக்கம் திரும்பி நடந்தார்.

"பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கங்க."

"எனக்குத் தெரியாதா? பேசாம வா."

திரும்பும் படகு கிளம்புமுன்பே அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மாலை வெயிலில் ஆறு முழுக்கப் பளபளத்தது. கரையில் ஒருவர் படகைக் கவிழ்த்துப்போட்டு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். எழுந்ததும் என்னென்ன பார்த்தீர்கள் என்று துளைத்தெடுப்பாள் என்பதால், டிரைவர் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.