நீலப் பொட்டு வைத்த கண்ணாடி

என் வீட்டுக்காரர் வாயில் "தெரியாது" என்ற வார்த்தை மட்டும் வராது. வழி கேட்டு வருகிற பாவப்பட்ட ஜனங்களைக் கூசாமல் எந்தெந்தத் தெருவுக்கோ அனுப்பியிருக்கிறார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். விற்காமல் தேங்கிய ஒரே மாதிரிக் கறுப்பு ஃபிரேம்தான் எங்கள் இருவர் மூக்கிலும். ஆனால் இருவர் பவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மாறிவிடக் கூடாதென்று காதில் மாட்டும் காம்பின் உள்பக்கம் நகப்பூச்சால் பொட்டு வைத்திருக்கிறேன். எனக்குச் சிவப்பு, அவருக்கு நீலம்.

அன்று பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போனோம். மகள் படியேற மாட்டேன் என்று கீழே பாறைகளுக்குப் பக்கத்தில் நீந்தப் போய்விட்டாள். காவலர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "மேலேருந்து டால்பின் பாக்கலாம். முங்கி முங்கி எழுந்தா அதான். முங்காம நேரா வந்தா சுறா. உடனே கூப்பிடுங்க, சைரன் அடிச்சிடறேன்."

இருநூற்றுப் பத்துப் படி. பாதியில் ஜன்னல் திட்டில் கண்ணாடிகளைக் கழற்றி வைத்து முகம் துடைத்துக்கொண்டோம். உச்சிக்குப் போனால் கடல் மங்கலாகத் தெரிந்தது. ஏறி வந்த கிறுகிறுப்பு என்று நினைத்தேன்.

மகளின் மஞ்சள் தொப்பி கலங்கலாகத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளிக் கறுப்பாக ஏதோ ஒன்று.

"என்னங்க, அது என்னன்னு பாருங்க."

கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். "டால்பின்தான்."

"முங்குதா?"

"அதெல்லாம் நல்லா முங்குது. நீ சும்மா பதறாத."

எங்களோடு ஏறி வந்த காவலர் உள்ளே விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். இருபது வருஷமாக இந்த மனுஷன் பேச்சை நம்பாதவள், அன்றைக்குப் பார்த்து நம்பித் தொலைத்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. உப்பு படிந்திருக்கும் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். காம்பில் நீலப் பொட்டு இருந்தது.

"நீங்க போட்டிருக்கறது என்னோடது. அதுல உங்களுக்குக் கடலே சரியாத் தெரிஞ்சிருக்காதே."

அவர் கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளிவிட்டு மறுபடியும் கடலைப் பார்த்தார்.

"முங்குதுன்னு சொன்னீங்களே."

"நீ பயந்துடுவியேன்னு..."

அவர் மூக்கிலிருந்து பிடுங்கி மாட்டிக்கொண்டேன். தொப்பி தெளிவாகத் தெரிந்தது. முதுகுத் துடுப்பும் தெரிந்தது. அதன் பின்னால் வால் நுனி இடமும் வலமும் ஆடியது. முங்கவேயில்லை. நேராக என் பிள்ளையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"சுறாங்க, சைரன் அடிங்க" என்று கத்தினேன்.

சைரன் அலறியது. தொப்பி ஒரு கணம் நின்றது. பிறகு பாறையை நோக்கிப் பாய்ந்தது. அவள் மேலே தொற்றிக் கால்களை இழுத்துக்கொண்ட இடத்தைத் துடுப்பு உரசினாற்போல் கடந்து போனது.

இறங்கும்போது அவரிடம் நான் பேசவில்லை. பேசியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அவருடைய கண்ணாடி என் கையிலேயே இருந்தது. சுவரைத் தடவித் தடவி இறங்கினார்.

மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தாள். "அப்பா, மேலேருந்து பாத்தீங்களா? எவ்வளவு கிட்ட வந்துச்சு?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இப்போதும் எதையாவது அளந்திருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா." அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

கண்ணாடியைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு முதலில் அவள் கால்களைத்தான் பார்த்தார், இரண்டையும்.