பூஜையில் வைத்த நாவல்

கோபமாகத்தான் சொல்லப் போகிறேன். சாந்தமாகச் சொன்னால் எங்கள் வீட்டில் யாருக்கும் காது கேட்பதில்லை.

எனக்கு நாவல் படிக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. நகை கேட்கவில்லை, ஊட்டிக்குக் கூட்டிப்போகச் சொல்லவில்லை. பட்டம் என்கிற பேட்டையில் ஓர் அலுவலகத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஃபைல் தள்ளுகிறேன். வீடு இருக்கிற கரமனையிலிருந்து போக ஒரு பஸ், வர ஒரு பஸ், இரண்டிலும் நின்றபடிதான். நின்றுகொண்டே படித்துப் பார்த்தேன். இரண்டு தடவை இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டதுதான் மிச்சம். ஆகவே லீவு நாளில்தான் எனக்குப் படிப்பு. சனி ஞாயிறு வீட்டு வேலைக்கே சரியாகப் போய்விடும். ஓண லீவு முழுக்க விருந்தாளிகள். இலை போடு, இலை எடு. கிறிஸ்துமஸுக்குப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் பத்து நாள், எங்களுக்கு ஒரே நாள். மிச்சம் இருப்பது நவராத்திரியில் வருகிற பூஜை லீவு. வருஷத்தில் அந்த இரண்டு மூன்று நாள்தான் என்னுடையது.

எங்கள் தெருவில் அஷ்டமி சாயங்காலம் வீட்டுப் புத்தகங்களை சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, மேலே பட்டுத்துணி போர்த்திப் பூஜைக்கு வைப்பார்கள். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கிறவரை யாரும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. படிக்கவே கூடாத நாட்களில் இவள் எப்படி நாவல் படித்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

கல்யாணமான முதல் வருஷம், மதுரையிலிருந்து கொண்டுவந்த என் நாவல்களையெல்லாம் துடைத்து, குங்குமம் வைத்து, பயபக்தியோடு மாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமியார் லலிதாம்பாள் மேலே இருந்த ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இதெல்லாம் கதைப்புஸ்தகமாக்கும். வித்யைன்னா வேறே. கொண்டுபோய் உள்ளே வை."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் புருஷர் ஹரியின் கல்லூரிப் பாடப் புத்தகம் வித்தை. பஞ்சாங்கம் வித்தை. சமையல் குறிப்பு எழுதிவைத்த நோட்டுகூட வித்தை. நான் அழுது சிரித்துப் படித்த எழுநூறு பக்கம் வித்தை இல்லையாம்! இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் புத்திக்கு உறைத்தது. நாவல் வித்தைப் புத்தகம் இல்லையென்றால், பூஜை நாளில் அதைப் படித்தால் தப்பும் இல்லையே! மாமியாரிடமே போய்க் கேட்டேன். "வேலை முடிஞ்சா தாராளமாப் படி. அது வெறுதே நேரம்போக்குதானே" என்றாள்.

அன்றிலிருந்து பதினோரு வருஷம். தெருவே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற நாட்களில் நான் மாடியறையில் காலை நீட்டிக்கொண்டு படித்தேன். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு படித்தேன். அவமானத்தையும் வாங்கிக்கொண்டு, அதிலே சுகத்தையும் கண்டேன். ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வருஷம் பூஜை வைப்பு திங்கள் சாயங்காலம், எடுப்பு வியாழன் காலை. நடுவில் முழுசாக இரண்டு நாள். அதற்கென்றே ஆறு மாதமாக ஒரு நாவலை வாங்கி வைத்திருந்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆசை பொறுக்காமல் சனி ஞாயிறு ராத்திரியே கண் விழித்து ஆரம்பித்து, திங்கள் சாயங்காலத்துக்குள் நானூற்று முப்பத்தோராம் பக்கம் வந்துவிட்டேன். அதில் வடிவு என்று ஒரு பெண். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, கைக்குழந்தையோடு ரயிலேறுகிறாள். ஒரு ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்குகிறாள். ரயில் கிளம்பிவிடுகிறது. குழந்தை உள்ளே, இவள் வெளியே. அந்த இடத்தில், சொல்லிவைத்தாற்போல, கீழேயிருந்து சமையலுக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் அடையாளம் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

பெங்களூரிலிருந்து நாத்தனார் ஜானவியும் அவள் புருஷர் பட்டாபியும் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பலகாரம், கொலு பார்க்க வருகிறவர்களுக்குச் சுண்டல் எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு பூஜை அறைக்கு வந்தால், என் நாவல் அங்கே இருக்கிறது! அடுக்கில் நடுவில், போர்த்திய பட்டுக்குக் கீழே முதுகு தெரிந்தபடி. அது மட்டுமா? கட்டிலுக்கடியில் இருந்தது, அலமாரியில் இருந்தது, ஆபீஸ் பையில் இருந்தது, ஒன்றுவிடாமல் என் புத்தகங்கள் இருபத்தாறும் அடுக்கப்பட்டு, பட்டு போர்த்தி, மேலே சந்தனமும் பூவும் வைத்தாகிவிட்டது. தீபாராதனையும் முடிந்தாயிற்று.

"இது யார் வெச்சது?"

"நன்னாயிருக்கோல்லியோ மன்னி?" என்றாள் ஜானவி. "இந்த வருஷம்தான் பூஜை நெறைவா இருக்கு."

நிறைவாக இருக்காமல் என்ன? அவள் வங்கிக்காரி, அடுத்த வாரம் பிரமோஷன் பரீட்சை. தான் படிக்கிற ஏழு புத்தகத்தில் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு ஆறைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டாள். பரீட்சைக்காரியைச் சரஸ்வதி பகவதி மன்னிப்பாளாம். ஹரி பேருக்கு ஒரு பழைய பாடப் புத்தகம் வைத்தார். லேப்டாப் அவர் மடியில். பட்டாபி ஹாலில் உட்கார்ந்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மேய்ந்துகொண்டிருந்தார். பேப்பர் புத்தகமில்லையாம். எல்லார் போனிலும் பக்கம் பக்கமாக எழுத்து வந்துகொண்டேயிருக்கிறது, அதுவும் படிப்பில் சேராதாம். ஆக, அந்த வீட்டில் சரஸ்வதிக்கு உள்ளதையெல்லாம் கொடுத்தவள் நான் ஒருத்திதான். அதுவும் என்னைக் கேட்காமல்!

எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்பீர்கள். செவ்வாய் மத்தியானம் எல்லாரும் படுத்திருந்தபோது பூஜை அறைக்குப் போனேன். பட்டுத்துணியின் ஓரத்தைத் தொட்டேன். அதற்குமேல் கை போகவில்லை. எனக்கும் பயம்தான். சின்ன வயசிலிருந்து கும்பிட்ட தெய்வம்; அவள் முன்னால் வைத்ததை எப்படி உருவுவது? வெறுங்கையோடு சமையலறைக்குத் திரும்பிக் கடலை ஊறப்போட்டேன்.

புதன்கிழமை முழுக்க இதே கதை. மன்னி, காபி. மன்னி, இன்னொரு காபி. வாசலில் வெற்றிலை பாக்கு வாங்க நாலு பேர். வடை மாவு. பட்டாபிக்கு வடை மொறுமொறுவென்று வேண்டும். நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கண்ணுக்குள்ளே வடிவு தண்டவாளத்தின் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளை நிறுத்தவும் முடியவில்லை, ரயிலை நிறுத்தவும் முடியவில்லை. மாமியார் பக்கத்தில் வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு நாளாப் பாக்கறேன், என்கிட்டே எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறாய்? நானாக்கும் உன் புஸ்தகத்தை எடுத்தேன்? இத்தனை வருஷத்திலே நான் தொட்டிருக்கேனா?"

"பின்னே யாரு?"

"ஹரிதான் மாடியிலேருந்து ரெண்டு நடையா சுமந்துண்டு வந்தான். ஜானவி வந்திருக்கா, கைக்கு ஆள் வேணும்னு நான் சொன்னது வாஸ்தவம். புஸ்தகத்தை எடுன்னு நான் சொல்லலே, கேட்டியா?"

எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். கால் தரையில் படவில்லை, அவ்வளவு ஆத்திரம். ஹரி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா வெச்சேள்?"

அவர் சிரித்தார். சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கோவிச்சுக்காதே. ஜானவி வருஷத்துக்கு ஒரு தடவை வரா. நீ மாடியிலே புஸ்தகமும் கையுமா உக்காந்திருந்தா நன்னாவா இருக்கும்?"

"அதை என்கிட்டே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சண்டைக்கு வருவாய். பகவதி முன்னாடி வெச்சுட்டா நீ ஒண்ணும் பேசமாட்டாய்னு எனக்குத் தெரியும். சாரமில்லை, போனாப் போறது, ரெண்டு நாள்தானே? புஸ்தகம் எங்கே ஓடிப்போயிடப் போறது?"

கேட்டீர்களா? பெண் பார்க்க வந்த அன்று என் அலமாரியைப் பார்த்து, "இத்தனையும் படிச்சாச்சா!" என்று வாயைப் பிளந்த மனுஷர் இவர். பதினோரு வருஷமாக என் நாவலை மாமியார் புத்தகமென்று மதிக்கவில்லை என்று அழுதிருக்கிறேன். இவரும் பாவம் பாவம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மதித்துப் பூஜையில் வைத்தது எதற்கு? என் வாயை அடைக்க. என் பக்தி எவ்வளவு தூரம் போகும் என்று அளந்து பார்த்து, அதையே பூட்டாகப் போட்டிருக்கிறார். மாமியாராவது என் முகத்துக்கு நேரே வித்தை இல்லை என்று சொன்னாள். அதற்கு ஒரு நேர்மை இருந்தது.

பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் ஜானவி தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், அதோடு விஷயம் முடிந்துவிடும். போய் மிச்ச வடையைப் போட்டெடுத்தேன்.

வியாழன் காலை எல்லாரும் குளித்துப் பூஜை அறையில் உட்கார்ந்தோம். மாமியார் பூவை எடுத்தாள், பட்டுத்துணியை விலக்கினாள். ஒவ்வொருவராகத் தட்டிலிருந்த அரிசியில் விரலால், எழுத்தைத் தொடங்குகிற ஹரிஸ்ரீயை எழுதினோம். பிறகு வாசிப்பு. அவரவர் தம் புத்தகத்தை எடுத்து அம்பாள் கேட்க உரக்க வாசிக்க வேண்டும். எல்லாரும் வாசித்து முடிக்கிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, வாயில் ஒன்றும் போடக் கூடாது. இது மாமியார் வீட்டுச் சட்டம். ஒரு வருஷம் ஹரி வாசிக்கும்போது, பால் பொங்குகிறதே என்று நான் எழுந்தேன். மாமியார் என் கையைப் பிடித்து உட்கார்த்தினாள். பால் போனால் போகட்டும், வித்தையை நடுவில் முறிக்கக் கூடாது என்றாள். அத்தனை பாலும் அடுப்பில் போயிற்று.

மாமியார் ஒரு சுலோகம் வாசித்தாள். ஹரி பாடப் புத்தகத்திலிருந்து இரண்டு வரி, மூச்சு விடாமல். பட்டாபி பஞ்சாங்கத்தில் ஒரு வரி. ஜானவி வட்டி விகிதம் பற்றி ஏதோ. மருமகள் எப்போதும் கடைசி. மற்ற வருஷங்களில் நான் சமையல் குறிப்பு நோட்டிலிருந்து ஒரு வரி வாசிப்பேன். இந்த வருஷம் என் புத்தகம் இருக்கிறதே!

அடுக்கிலிருந்து நாவலை உருவி எடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நானூற்று முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தேன். வாசித்தேன்.

முதல் பக்கம் முடிந்தது. ஜானவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழத் தயாரானாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாவது பக்கம். மூன்றாவது. வடிவு ஸ்டேஷன் மாஸ்டரின் காலில் விழுகிறாள். அவர் முதலில் உன் டிக்கெட்டைக் காட்டு என்கிறார். பட்டாபி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாவது பக்கம். சமையலறையில் இட்லி மாவு மூடி வைத்தது வைத்தபடி இருந்தது, அடுப்பே பற்றவைக்கவில்லை. பத்தாவது பக்கத்தில் என் குரல் கம்மியது. எச்சில் விழுங்கிவிட்டு மேலே வாசித்தேன்.

"சுப்ரியா, போறும்," என்றார் ஹரி, மெதுவாக. "அம்பாள் கேட்டாச்சு."

"நான் இன்னும் வாசிச்சு முடிக்கலே."

"எல்லாருக்கும் பசிக்கறது. எத்தனை பக்கம் இருக்கு?"

"நூத்தி எழுபது."

"என்ன விளையாடறயா?"

"விளையாட்டு இல்லே. நீங்கதானே இதை வித்யைன்னு கொண்டுவந்து வெச்சேள்?"

பட்டாபி அசட்டுச் சிரிப்போடு ஒரு காலை ஊன்றி எழப்பார்த்தார். ஹரியும் வேஷ்டியைத் திரட்டிக்கொண்டு முழங்காலில் நிமிர்ந்தார். அவர்கள் எழுந்து போய்விட்டால் நான் சுவருக்கு வாசிக்க வேண்டும். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் என் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைப்பார்கள். நான் மாமியாரைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கை கூப்பியபடி இருந்தாள்.

"உக்காருங்கோ மாப்பிளே," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"அம்மா, அவ வேணும்னே பண்றா," என்றார் ஹரி.

"பண்ணட்டும். அவ புஸ்தகத்தை நானா கொண்டுவந்து வெச்சேன்? நீதானேடா சுமந்துண்டு வந்தாய், அவளைக் கேக்காம? இருந்து கேளு."

ஹரி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் முழங்காலிலேயே நின்றார். அப்புறம் உட்கார்ந்தார்.

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.